வாதம் யாரை மாற்றும்?

பழைய சீவரத்தில் பாலாற்றைக் கடந்தால் திருமுக்கூடல். பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் கூடுகிற ஊர். கரையில் வெங்கடேசப் பெருமாள் கோயில். அதன் சுவரில் வீரராஜேந்திர சோழன் காலத்து நீண்ட கல்வெட்டு. 1060களின் பிற்பகுதியில் வெட்டியது. மருத்துவ வரலாறு படிக்கிறவர்களுக்கு நன்கு தெரிந்த கல் இது. ‘வீரசோழன்’ என்ற பெயரில் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை ஒன்று இங்கே இருந்தது. ஒரு மருத்துவர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை பறித்து வர இரண்டு ஆட்கள், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ள இரண்டு பெண்கள், ஒரு நாவிதர், விளக்குக்கு எண்ணெய், இருப்பில் வைக்க வேண்டிய மருந்துகளின் பெயர்கள் எல்லாம் கல்லில் இருக்கின்றன. யாருக்கு எத்தனை கலம் நெல் என்ற கணக்கும் உண்டு.

இந்த அத்தியாயத்துக்கு வேண்டியது அதே கல்லில் இருக்கும் இன்னொரு பட்டியல். கோயிலைச் சார்ந்து தங்கிப் படித்தவர்களுக்குச் சோறு போட்ட கணக்கு அது. ரிக் வேதம் படிப்பவர் 10, யஜுர் வேதம் 10, இலக்கணம் 20, மகாபாஞ்சராத்திரர் 10, வைகானசர் 5, சிவப்பிராமணர் 3, மற்றவர் 2. ஆக 60 பேர்.

பாஞ்சராத்திரமும் வைகானசமும் பெருமாள் கோயில் பூசை முறையில் ஒன்றோடொன்று போட்டியிட்ட ஆகம மரபுகள். சிவப்பிராமணருக்கோ பரம்பொருளே வேறு. இந்த மூன்று தரப்புக்கும் ஒரு பெருமாள் கோயிலின் நெல் போயிருக்கிறது. படித்த இளைஞர்கள் இத்தனை பேர் ஓரிடத்தில் இருந்தால் வாதம் நடக்காமல் இருந்திருக்காது. யார் ஜெயித்தார்கள், யாராவது கட்சி மாறினார்களா என்பதைக் கல் சொல்லவில்லை. ஆனால் அந்தக் கேள்வியை நாம் கேட்கலாம். மதத்தைப் பற்றி வாதிட்டு யாராவது தன் நம்பிக்கையை மாற்றிக்கொண்டது உண்டா?

இதைக் கேட்பதற்குத் திருமுக்கூடல் இருக்கும் காஞ்சி வட்டாரத்தைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் இல்லை. பௌத்தரும் சமணரும் சைவரும் வைணவரும் நூற்றாண்டுக் கணக்கில் இங்கே மோதியிருக்கிறார்கள். அந்த மோதல்களைப் பற்றி நம் இலக்கியங்கள் சொல்லிவைத்திருப்பதை ஓர் ஆய்வாளரின் கண்ணோடு படித்தால், வாதம் மனத்தை மாற்றிய காட்சி அவற்றில் வியக்கத்தக்க அளவு குறைவு.

மணிமேகலையை எடுத்துக்கொள்ளுங்கள். வஞ்சி நகரில் அவள் பல சமயக்கணக்கர்களை வரிசையாகப் போய்க் கேட்கிறாள். ஒவ்வொருவரும் தம் தத்துவத்தை முழுதாக விளக்குகிறார்கள். எதுவும் அவள் மனத்தில் ஒட்டவில்லை. பிறகு பஞ்சத்தில் கிடந்த காஞ்சிக்கு வந்து, அமுதசுரபியால் பசித்தவர்களுக்குச் சோறிட்டு, அதன்பின் அறவண அடிகளிடம் தருமம் கேட்கிறாள். அறவண அடிகள் அவளுக்குப் புதியவர் அல்லர். அவள் தாய் மாதவியின் காலம் முதல் தெரிந்தவர். தெரிந்தவர் சொன்னபோது கேட்டது, தெரியாதவர்கள் சொன்னபோது கேட்கவில்லை.

மகேந்திரவர்மன் எழுதிய மத்தவிலாசப் பிரகசனமும் காஞ்சித் தெருவில்தான் நடக்கிறது. காபாலிகன் ஒருவனின் கபாலம் காணாமல் போகிறது. பௌத்தத் துறவி திருடிவிட்டான் என்று சண்டை. பாசுபதன் ஒருவன் மத்தியஸ்தம் செய்யப் பார்க்கிறான். வாதம் எங்கும் போய்ச் சேரவில்லை. நாய் கவ்விப்போன கபாலத்தை ஒரு பித்தன் கொண்டுவந்த பிறகுதான் சண்டை ஓய்கிறது. நாடகம் முடியும்போது எல்லோரும் தத்தம் மதத்திலேயே இருக்கிறார்கள். 7ஆம் நூற்றாண்டு மன்னன் ஒருவன் இவ்வளவு துல்லியமாக இதைக் கவனித்திருக்கிறான்.

இராமானுசர் வரலாறு இன்னும் நெருக்கமான சான்று. காஞ்சிக்கு மேற்கே திருப்புட்குழியில் யாதவப்பிரகாசரிடம் அவர் பாடம் கேட்டதாகக் குருபரம்பரை நூல்கள் சொல்கின்றன. சாந்தோக்ய உபநிடதத்தில் பரம்பொருளின் கண்ணை வருணிக்கும் ஒரு சொல்லுக்கு ஆசிரியர் குரங்கின் பின்புறத்தை உவமையாகக் கொண்டு பொருள் சொல்ல, அவருக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த மாணவரின் கண்ணீர் சூடாக அவர் தொடையில் விழுந்தது. கதிரவனால் மலர்ந்த தாமரை என்று மாணவர் மாற்றுப் பொருள் சொன்னார். இலக்கணப்படி நல்ல வாதம். ஆசிரியருக்குக் கோபம்தான் வந்தது. மாணவரைக் கொல்லவே திட்டமிட்டார் என்பதுவரை கதை போகிறது. அதே யாதவப்பிரகாசர் முதுமையில் இராமானுசருக்குச் சீடராகி, கோவிந்த ஜீயர் என்று பெயர் பெற்றார். அதற்குக் காரணமாக மரபு சொல்வது அவருடைய தாயின் வற்புறுத்தலை. இடையில் பல வருடங்கள் ஓடியிருந்தன.

திருவரங்கத்தில் யக்ஞமூர்த்தியுடன் நடந்த வாதம் இதைவிடத் தெளிவு. 17 நாள் வாதம் நடந்தும் முடிவில்லை. இராமானுசர் தோற்கும் நிலை. அன்றிரவு கனவில் காஞ்சிப் பேரருளாளன் அருளியதாகவும், மறுநாள் காலை அவர் நடந்து வந்த பொலிவைக் கண்டே யக்ஞமூர்த்தி காலில் விழுந்ததாகவும் மரபு. அவர்தான் அருளாளப் பெருமாள் எம்பெருமானார். ஞானசாரமும் பிரமேயசாரமும் எழுதியவர். வைணவ மரபு நினைத்திருந்தால் இந்த வெற்றியை இராமானுசரின் தர்க்கத்துக்கே கொடுத்திருக்கலாம். கொடுக்கவில்லை. 17 நாள் வாதம் செய்யாததை ஒரு மனிதரின் தோற்றம் செய்தது என்று எழுதிவைத்தது. இவை வரலாற்று ஆவணங்கள் அல்ல. ஆனால் மனம் எப்படி மாறும் என்று நம் முன்னோர் கருதினார்கள் என்பதற்கு இவை ஆவணங்களே.

சோதனைச் சாலைக்கு வருவோம். 1979இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் சார்லஸ் லார்ட், லீ ராஸ், மார்க் லெப்பர் மூவரும் 48 மாணவர்களைக் கூப்பிட்டார்கள். பாதிப் பேர் மரண தண்டனைக்கு ஆதரவு, பாதிப் பேர் எதிர்ப்பு. எல்லோருக்கும் இரண்டு ஆய்வுகளைப் படிக்கக் கொடுத்தார்கள்: ஒன்று தண்டனையால் கொலை குறைகிறது என்றது, மற்றது குறையவில்லை என்றது. நியாயமாகப் பார்த்தால் இரு தரப்பும் நடுவே நகர்ந்திருக்க வேண்டும். ஒவ்வொரு தரப்பும் தனக்குச் சாதகமான ஆய்வை உறுதியானது என்றும் எதிரானதை ஓட்டை என்றும் மதிப்பிட்டது. படித்து முடித்த பின் தம் கருத்து முன்பைவிட வலுப்பட்டுவிட்டது என்றே மாணவர்கள் சொன்னார்கள். எதிர்த்தரப்புச் சான்றில் அவர்கள் கண்ட குறைகளில் பல உண்மையான குறைகளே என்பதைக் கவனிக்க வேண்டும். அறிவு வேலை செய்யாமல் இல்லை. ஒரு பக்கம் பார்த்து மட்டும் வேலை செய்தது.

2016இல் ஜோனஸ் கப்லானும் சக ஆய்வாளர்களும் 40 பேரை மூளை ஸ்கேனில் படுக்கவைத்து, அவர்கள் ஆழமாக நம்பும் அரசியல் கருத்துகளுக்கு எதிர்வாதங்களைக் காட்டினார்கள். கூடவே, மின்விளக்கைக் கண்டுபிடித்தவர் எடிசன் என்பது போன்ற சாதாரண நம்பிக்கைகளுக்கும் எதிர்வாதங்கள். எடிசனை விட்டுக்கொடுப்பதில் அவர்களுக்குத் தயக்கம் அதிகம் இல்லை. அரசியல் கருத்து அசையவில்லை. அப்போது கூடுதலாக இயங்கிய மூளைப் பகுதிகள், ஒருவர் தன்னைப் பற்றி எண்ணும்போது இயங்குபவை. 40 பேரின் ஸ்கேனை வைத்து மனித குலத்துக்கே தீர்ப்பு எழுதக் கூடாது. ஆனாலும் கருத்தைத் தொட்டால் ஆளைத் தொட்டதுபோல் ஏன் ஆகிறது என்பதற்கு இது ஒரு தடயம்.

மதத்தில் இது இரட்டிப்பாகிறது. லாரிசா ஹைஃபெட்ஸும் குழுவினரும் 2013இல் வெளியிட்ட ஆய்வில் குழந்தைகளிடமும் பெரியவர்களிடமும் கேட்டார்கள்: இரண்டு பேர் முரண்பட்டால், ஒருவர் சொல்வதுதான் சரியாக இருக்க முடியுமா, இருவரும் சரியாக இருக்கலாமா? உலகைப் பற்றிய தகவல் என்றால் ஒருவர்தான் சரி என்றார்கள். பிடித்த நிறம் என்றால் இருவரும் சரி. கடவுளைப் பற்றிய நம்பிக்கை இரண்டுக்கும் நடுவில் விழுந்தது. இதனால்தான் மத வாதத்தில் கால் ஊன்ற இடம் கிடைப்பதில்லை. ஒருவர் அதைத் தகவலாக எடுத்துச் சான்று கேட்கிறார்; மற்றவர் அதை வீட்டோடு வந்த உறவாக எடுத்துக்கொண்டு, சான்று கேட்டதையே அவமதிப்பாக உணர்கிறார்.

வீட்டோடு வந்தது என்று சும்மா சொல்லவில்லை. பியூ ஆய்வு மையம் 2019-20இல் இந்தியா முழுவதும் கிட்டத்தட்ட 30,000 பேரிடம் எடுத்த கணக்கில், வளர்ந்த மதத்திலேயே இன்றும் இருப்பதாகச் சொன்னவர்கள் 98 சதவீதம். தர்க்கத்தின் வழியே மதத்துக்குள் வந்தவர்கள் நம்மில் அநேகமாக யாரும் இல்லை. அம்மா விளக்கேற்றியதைப் பார்த்து வந்தோம், அப்பா நோன்பிருந்ததைப் பார்த்து வந்தோம். மானுடவியலாளர் ஜோசஃப் ஹென்ரிக் 2009இல் முன்வைத்த கருத்து இதுதான்: சொல்லைக் கேட்டு மட்டும் நாம் நம்புவதில்லை, சொன்னவர் அதற்காக எதை இழக்கத் தயாராக இருக்கிறார் என்பதைப் பார்த்து நம்புகிறோம். பிறகு நடந்த ஆய்வுகளில், பெற்றோர் தம் மதத்தின்படி செலவும் சிரமமும் ஏற்று நடப்பதைப் பார்த்து வளர்ந்தவர்கள் பெரியவர்களானபின் நம்புகிறவர்களாக இருக்கும் வாய்ப்பு கூடுதலாகக் காணப்பட்டது.

மதம் மாறுகிறவர்கள் எப்படி மாறுகிறார்கள்? ஜான் லோஃப்லண்டும் ராட்னி ஸ்டார்க்கும் 1960களின் தொடக்கத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ வட்டாரத்தில் ஒரு சிறிய புதிய மதக் குழுவோடு பழகி, யார் சேருகிறார்கள் என்று கவனித்தார்கள். போதனையில் ஆர்வம் காட்டிய பலர் சேரவில்லை. சேர்ந்தவர்கள், ஏற்கெனவே உள்ளே இருந்தவர்களோடு நெருங்கிய நட்போ உறவோ கொண்டவர்கள். போதனை பிறகுதான் உள்ளே போனது. பிற்பாடு ஸ்டார்க்கும் வில்லியம் பெயின்பிரிட்ஜும் மார்மன் சபையின் பதிவுகளைப் பார்த்தபோது, வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டிப் பேசியதில் ஆயிரத்துக்கு ஒருவர் சேர்ந்திருந்தார். மார்மன் நண்பர் ஒருவரின் வீட்டில் நடந்த சந்திப்பிலிருந்தோ பாதிப் பேர். நண்பர் வீட்டுக்கு வர ஒப்புக்கொண்டவருக்கு ஏற்கெனவே ஈர்ப்பு இருந்திருக்கும் என்பதால் இந்த ஒப்பீட்டை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. ஆனாலும் இடைவெளி பெரிது.

திருநாவுக்கரசர் கதை இங்கே பொருந்துகிறது. சமணத்தில் தருமசேனர் என்று பெயர் பெற்ற அறிஞர் அவர். வாதத்தில் அவரை வென்று சைவத்துக்குத் திருப்பியதாகப் பெரியபுராணம் சொல்லவில்லை. சூலை நோய் வந்தது. உடன் இருந்தவர்களால் தீர்க்க முடியவில்லை. திருவதிகையில் இருந்த தமக்கை திலகவதியாரிடம் போனார். அவர் திருநீறு கொடுத்துக் கோயிலுக்கு அழைத்துப் போனார். நோய், பராமரிப்பு, அக்கா. திருமுக்கூடலில் கல்விச்சாலைக்குப் பக்கத்திலேயே ஆதுலர் சாலையையும் வைத்தவர்கள் இதை எண்ணி வைத்தார்களா என்று சொல்ல முடியாது. ஆனால் காய்ச்சலில் கிடந்த சிவப்பிராமண மாணவனுக்கு அந்தப் பெருமாள் கோயில் கஷாயம் கொடுத்திருந்தால், எந்த வாதத்தைவிடவும் அது அவன் மனத்தில் ஆழமாக இறங்கியிருக்கும் என்பது என் கணிப்பு.

மறுபக்கமும் உண்டு. பராமரிப்பு இழுப்பதுபோல, அவமானம் வெளியே தள்ளுகிறது. 1981 பிப்ரவரி 19 அன்று அன்றைய திருநெல்வேலி மாவட்டத்து மீனாட்சிபுரத்தில் சுமார் 180 தலித் குடும்பங்கள் இஸ்லாத்தில் சேர்ந்தபோது நாடே அதிர்ந்தது. தங்களைச் சாதியின் பேரால் நடத்திய விதத்தையே அவர்கள் காரணமாகச் சொன்னார்கள். அம்பேத்கர் 1935இல் இயோலாவில், இந்துவாகச் சாகமாட்டேன் என்று அறிவித்தார். 1956 அக்டோபர் 14 அன்று நாக்பூரில் பௌத்தம் ஏற்றார். இடையில் இருந்த 21 ஆண்டுகளில் அவர் படித்ததும் எழுதியதும் ஏராளம். எந்த மதம் என்பதைத் தர்க்கத்தால் தேர்ந்தார். வெளியேற வேண்டும் என்ற முடிவை எடுக்கவைத்தது வாழ்க்கை. நியாயமான காரணம் அது. அதைத் தர்க்கம் அல்ல என்று ஒதுக்குகிறவர்கள், மனிதனை நடத்தும் விதமும் ஒரு மதத்தைப் பற்றிய சான்று என்பதை மறந்துவிடுகிறார்கள்.

அப்படியானால் வாதமே வீண்தானா? இல்லை. எதிர்வாதம் கேட்டால் மனிதர்கள் இன்னும் பிடிவாதமாவார்கள் என்று ஒரு கருத்து 2010க்குப் பிறகு பரவலாகப் பேசப்பட்டது. தாமஸ் வுட், ஈதன் போர்ட்டர் இருவரும் 10,000க்கு மேற்பட்டவர்களிடம் 52 விஷயங்களில் சோதித்து 2019இல் வெளியிட்ட ஆய்வில் அது தென்படவில்லை. சரியான தகவலைக் கொடுத்தால் பெரும்பாலும் சற்றேனும் ஏற்றுக்கொண்டார்கள். தர்க்கப் புதிர் ஒன்றில், தனியாக முயன்றவர்களில் 9 சதவீதத்தினர்தான் விடை கண்டார்கள். கூடிப் பேசிய குழுக்களில் 75 சதவீதம் கண்டன. 1998இல் டேவிட் மோஷ்மன், மோலி கைல் நடத்திய சோதனை இது. தவறை ஒப்புக்கொள்வதால் மானம் போகாத இடத்தில் வாதம் நன்றாகவே வேலை செய்கிறது.

மானம் போகிற இடம் எது? சபை. இதை நம் மருத்துவ நூல்களே சொல்லியிருக்கின்றன. சரக சம்ஹிதை மருத்துவர்களுக்குள் நடக்கும் விவாதத்தை இரண்டாகப் பிரிக்கிறது: இணங்கிப் பேசுவது, பகைத்துப் பேசுவது. இணங்கிப் பேசும் இடத்தில் தோல்விக்கு அஞ்சாதே, வென்றால் பெருமை பேசாதே என்கிறது. பகைத்துப் பேசும் இடத்துக்கு அது சொல்லும் முதல் பாடம், எதிராளியின் பலத்தையும் சபையின் சார்பையும் எடைபோடு என்பது. அதாவது அங்கே பேச்சு எதிராளிக்காக அல்ல, பார்க்கிறவர்களுக்காக. நம் பட்டிமன்றத்தில் ஒரு பேச்சாளர் எதிரணிக்கு மாறி நாம் பார்த்ததில்லை. ஆனால் முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கிற, இன்னும் முடிவுக்கு வராத ஒருவர் நகர்வார். பொது வாதத்தின் உண்மையான பயன் அவருக்குத்தான்.

சபை இல்லாத பேச்சுக்கு நல்ல சான்று 2016இல் கிடைத்தது. இதற்கு முன்பே இதேபோல் ஓர் ஆய்வு வந்து, தரவுகள் போலி என்று தெரிந்து 2015இல் திரும்பப் பெறப்பட்டிருந்தது. அந்தப் போலியை வெளிக்கொண்டுவந்தவர்களில் டேவிட் புரூக்மன், ஜோஷுவா கல்லா இருவரும் உண்டு. அவர்களே மியாமியில் சோதனையை ஒழுங்காக நடத்தினார்கள். வீட்டு வாசலில் 10 நிமிடப் பேச்சு. திருநங்கையர் மீதான வெறுப்பைப் பற்றி. பேசப் போனவர்கள் உபதேசம் செய்யவில்லை. உங்களை யாராவது வேறுபடுத்தி ஒதுக்கியதுண்டா என்று கேட்டு, பதிலைக் காது கொடுத்துக் கேட்டார்கள். வெறுப்பு குறைந்தது, மூன்று மாதம் கழித்தும் குறைந்தே இருந்தது. 2024இல் தாமஸ் காஸ்டெல்லோ குழுவினர் 2,190 பேரைச் செயற்கை நுண்ணறிவோடு உரையாடவைத்தார்கள். சதிக் கோட்பாடுகள் மீதான நம்பிக்கை சராசரியாக 20 சதவீதம் தளர்ந்தது, இரண்டு மாதம் நிலைத்தது. அங்கே வேடிக்கை பார்க்க ஆள் இல்லை, தோற்றால் ஏளனம் செய்யவும் ஆள் இல்லை. இவை மத நம்பிக்கையைத் தொட்ட ஆய்வுகள் அல்ல. ஆனால் வழி காட்டுகின்றன.

வாதிடப் போனவரே மாறியதற்குத் தரங்கம்பாடி சாட்சி. பர்த்தலோமேயு சீகன்பால்கு 1706 ஜூலையில் வந்து இறங்கியபோது, இங்குள்ளவர்களைத் தம் மதத்துக்குக் கொண்டுவருவதே அவர் நோக்கம். வீதியிலும் சத்திரத்திலும் வாதிட்டார். தமிழ் கற்றார், ஓலைச் சுவடிகளைச் சேர்த்தார், தமிழர்களுக்குக் கேள்விகள் அனுப்பிக் கடிதம் மூலம் பதில் வாங்கினார். அவர்களை வெல்வதற்காகப் படித்தது, அவர்களைப் புரிந்துகொள்வதில் போய் முடிந்தது. 1713இல் தென்னிந்தியத் தெய்வங்களைப் பற்றி ஒரு முழு நூல் எழுதி ஜெர்மனிக்கு அனுப்பினார். ஹாலே நகரத்துத் தலைமை அதை அச்சிட மறுத்தது: அந்த மதத்தை ஒழிக்க அனுப்பிய ஆள் அதைப் பரப்புவதா? நூல் சென்னையில் அச்சேறியது 1867இல். சீகன்பால்கு கடைசிவரை கிறிஸ்தவர்தான். ஆனால் காட்டுமிராண்டிகள் என்று எண்ணி வந்த மக்களின் அறிவையும் ஒழுக்கத்தையும் ஐரோப்பாவிடம் எடுத்துச் சொல்கிறவராகிவிட்டார்.

கொள்கை நெருக்கமாக இருந்தால் வாதம் எளிதாகும் என்றும் நம்ப வேண்டாம். காஞ்சி வரதர் கோயிலில் வடகலையாரும் தென்கலையாரும் ஒரே இராமானுசரைத்தான் வணங்குகிறார்கள். யார் எந்தப் பாசுரத்தை, எந்த வாழ்த்தை முதலில் சொல்வது என்ற வழக்கு வெள்ளைக்காரன் காலத்து நீதிமன்றத்திலிருந்து இன்றைய உயர் நீதிமன்றம்வரை வந்திருக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தீர்ப்புகள் வந்தன. தீர்ப்பைப் படித்து எதிர்த்தரப்பின் கொள்கைதான் சரி என்று போனவர்களைப் பற்றி நாம் கேள்விப்படவில்லை. வழக்கு என்பது முழுக்க முழுக்க சபை.

என் முடிவு இது. எதிரில் நிற்கிறவரை அங்கேயே மாற்றுவதற்கு மத வாதம் ஏறக்குறைய எப்போதும் தோற்கும். பார்த்துக்கொண்டிருக்கும் நடுநிலையாளரை அது கொஞ்சம் நகர்த்தும். நம்மோடு உண்டு பழகியவர், நம் நோயில் கூட இருந்தவர் சொல்லும் ஒரு காரணம் பல வருடம் உள்ளே கிடந்து பிறகு வேலை செய்யும். ஆகவே உங்கள் வீட்டில் கடவுளை விட்ட மகனோ, புதிதாக ஒரு சபையில் சேர்ந்த தங்கையோ இருந்தால், கல்யாண வீட்டில் பத்துப் பேர் நடுவில் அவரை மடக்காதீர்கள். தனியாக இருக்கும்போது, எப்படி இந்த இடத்துக்கு வந்தாய் என்று கேளுங்கள். பதிலை முழுதாகக் கேளுங்கள். அந்தப் பேச்சில் மாறப்போவது நீங்களாகவும் இருக்கலாம். அதற்கும் சம்மதம் இருந்தால் மட்டும் தொடங்குங்கள்.